நால்வர் மேசைக்கு வரும் புது கார்டு: கமாண்டர் ஆடத் தொடங்குபவர்களுக்கு

மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டில் ஆண்டுக்குப் பல செட்டுகள், அதாவது புது கார்டுத் தொகுப்புகள், வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றோடு வழக்கமாக நால்வர் ஆடும் கமாண்டர் என்ற ஆட்ட முறைக்கென்றே தயார் டெக்குகளும் (சீட்டுக்கட்டுகளும்) வருகின்றன. முன்னோட்டம் வெளியாகும் வாரங்களில் எந்தக் கார்டைப் பார்த்தாலும் நம் டெக்கில் இது இருந்தே ஆகவேண்டும் என்று தோன்றும். தயார் டெக் ஒன்றை வைத்து நாலைந்து ஆட்டம் ஆடியவருக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. "நல்ல கார்டு" என்று காதில் விழும் பேச்சில் பாதி, இருவர் ஆட்டத்தை மனதில் வைத்துச் சொல்வது. நான்கு பேர் உட்காரும் மேசையில் அந்தக் கணக்கு ஓடாது.

புது கார்டு ஒன்று கையில் வந்தால் எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். அடிப்படை எண்கள் மட்டும் நினைவில் இருக்கட்டும்: டெக்கின் தலைவராக வெளியே தனியாக வைத்து ஆடும் கமாண்டர் கார்டையும் சேர்த்து 100 கார்டு; மானா (கார்டு போடக் கட்டும் விலை) தரும் அடிப்படை லேண்டைத் தவிர எதிலும் ஒரு பிரதிதான்; ஆளுக்கு 40 லைஃப்; ஒரே கமாண்டரிடம் மொத்தம் 21 காம்பாட் (சண்டை) டேமேஜ் வாங்கினால் ஆட்டத்தை விட்டு வெளியே; கமாண்டரை மறுபடி இறக்கும் ஒவ்வொரு முறையும் விலையில் 2 மானா ஏறும்.

முதல் படி: போட அனுமதி உண்டா?

கார்டு பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். உங்கள் கமாண்டரின் கார்டில் எங்கெல்லாம் மானா குறி இருக்கிறதோ, விலை மூலையிலோ வாசகத்திலோ, அந்த நிறங்கள்தான் டெக்கின் எல்லை. புதியவர்கள் விலையை மட்டும் பார்த்து ஏமாறுவது உண்டு. விலை வெறும் பச்சையாக இருக்கும், கீழே வாசகத்தின் கடைசி வரியில் ஒரு நீலக் குறி உட்கார்ந்திருக்கும். பச்சை மட்டும் உள்ள டெக்கில் அதற்கு இடமில்லை. அடைப்புக்குள் சாய்வெழுத்தில் வரும் நினைவூட்டல் வாசகம் மட்டும் கணக்கில் வராது. கிரிப்ட் காஸ்ட்டின் அடைப்புக்குள் வெள்ளையும் கறுப்பும் கலந்த குறி இருந்தும், கறுப்பு மட்டுமே உள்ள டெக்குகளில் அது தாராளமாக ஆடப்படுவது இதனால்தான்.

கூடவே தடைப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். 2022-ல் வேடிக்கைக்காக வந்த அன்ஃபினிட்டி செட்டில், கீழே ஓக் மரக் கொட்டை வடிவ முத்திரை உள்ள கார்டுகள் செல்லாது. சந்தேகம் வந்தால் ஸ்கிரைஃபால் தளத்தில் கார்டின் பெயரைத் தேடுங்கள். எந்த ஆட்ட முறையில் செல்லும், எதில் செல்லாது என்று அங்கேயே போட்டிருக்கும்.

இரண்டாம் படி: யாரைச் சொல்கிறது?

வாசகத்தில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். "டார்கெட் ஆப்பனன்ட்" என்றால் ஒரே ஒருவர். "ஈச் ஆப்பனன்ட்" என்றால் எதிரே இருக்கும் மூவரும். "ஈச் பிளேயர்" என்றால் நீங்களும் சேர்த்தி. இருவர் ஆட்டத்தில் முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நால்வர் ஆட்டத்தில் அது மூன்று மடங்கு வித்தியாசம்.

2013-ல் தீரோஸ் செட்டில் வந்த கிரே மெர்ச்சன்ட் ஆஃப் அஸ்ஃபோடெலை எடுத்துக்கொள்ளுங்கள். அது களத்துக்கு வரும்போது, களத்தில் உள்ள உங்கள் கார்டுகளின் விலையில் எத்தனை கறுப்புக் குறிகள் இருக்கின்றனவோ அத்தனை லைஃப் ஒவ்வொரு எதிராளிக்கும் போகும். போனது மொத்தமும் உங்களுக்கு வரும். வேறெதுவும் இல்லாத களத்தில் அதன் இரண்டு குறிகளே போதும். இருவர் ஆட்டத்தில் அவருக்கு 2 போகும், உங்களுக்கு 2 வரும். நால்வர் ஆட்டத்தில் மூவரிடமிருந்தும் மொத்தம் 6 போகும், உங்களுக்கு 6 வரும். கார்டும் விலையும் அதேதான், எதிரே ஆள்தான் கூடியிருக்கிறது.

இப்போது எதிர்ப்பக்கம். லைட்னிங் போல்ட் 1 மானாவுக்கு 3 டேமேஜ். 20 லைஃப் உள்ள ஒருவருக்கு அது 15 சதவீதம். கமாண்டரில் நீங்கள் கரைக்க வேண்டியது மூவருடைய 120 லைஃப். அதில் அது 2.5 சதவீதம். ஒருவரை மட்டும் நேரடியாகச் சுடும் கார்டுகள் இங்கே சோர்ந்து போவதற்கு இதுவே காரணம்.

ஒரு கிரீச்சரை, அதாவது களத்தில் நின்று சண்டையிடும் கார்டை, ஒழிக்கும் ஸ்பெல்லுக்கும் இதில் பங்குண்டு. நீங்கள் ஒரு கார்டு செலவழித்தீர்கள், அவர் ஒரு கார்டு இழந்தார், மற்ற இருவரும் எதுவும் செலவழிக்காமல் லாபம் பார்த்தார்கள். அதற்காக அத்தகைய ஸ்பெல்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். யாராவது ஜெயிக்கப்போகும் கணத்தில் தடுக்க ஆள் வேண்டும். விலை குறைந்ததாகவும், அடுத்தவர் டர்னில் போடக்கூடியதாகவும், கிரீச்சர் மட்டுமல்லாமல் வேறு வகைக் கார்டுகளையும் தொடக்கூடியதாகவும் இருந்தால் புது கார்டை யோசிக்கலாம். உங்கள் டர்னில் மட்டும் போடக்கூடிய, கிரீச்சரை மட்டும் தொடும், 4 மானா ஸ்பெல் ஒன்று புதிதாக வந்தால் நான் இரண்டாவது முறை படிப்பதில்லை.

மூன்றாம் படி: எப்போது நடக்கிறது?

அப்கீப் என்பது ஒவ்வொருவருடைய டர்னின் தொடக்கத்திலும் வரும் கட்டம். "உங்கள் அப்கீப்பின் தொடக்கத்தில்" என்பதற்கும் "ஒவ்வொரு அப்கீப்பின் தொடக்கத்தில்" என்பதற்கும் உள்ள தூரம் ஒரு சொல்தான். முதலாவது ஒரு சுற்றுக்கு ஒரு முறை, இரண்டாவது நான்கு முறை. வெர்டன்ட் ஃபோர்ஸ் என்ற பழைய 8 மானா கிரீச்சர் ஒவ்வொரு அப்கீப்பிலும் ஒரு 1/1 டோக்கன் (1 அடி, 1 தாங்கும் பலம் உள்ள குட்டிக் கிரீச்சர்) தரும். உங்கள் அடுத்த அப்கீப்பையும் சேர்த்தால் நாலு டோக்கன் சேர்ந்திருக்கும்.

இதே வகையில், எதிராளிகள் ஏதாவது செய்யும்போது பலன் தரும் கார்டுகளைக் கவனியுங்கள். 2000-ல் ப்ராஃபசி செட்டில் சாதாரண காமன் கார்டாக வந்தது ரிஸ்டிக் ஸ்டடி. எதிராளி ஸ்பெல் போடும்போது 1 மானா கூடுதலாகக் கட்டாவிட்டால் நீங்கள் ஒரு கார்டு எடுக்கலாம். இருவர் ஆட்டத்தில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று பேர் ஸ்பெல் போடும் மேசையில் யாராவது ஒருவருக்கு மானா பற்றாது, அல்லது அவசரம். கமாண்டரில் மிகவும் அஞ்சப்படும் கார்டுகளில் அது ஒன்றானது இப்படித்தான். "நீ ஒன்று கட்டுகிறாயா?" என்று டர்னுக்கு டர்ன் கேட்டு மேசையில் எல்லோரையும் எரிச்சலூட்டும் கார்டும் அதுதான். நான் அதை என் டெக்குகளில் வைப்பதில்லை. பலவீனம் என்பதற்காக அல்ல.

புது கார்டுகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி உண்டு: "இந்தத் திறன் ஒவ்வொரு டர்னிலும் ஒரு முறை மட்டுமே." படித்ததும் கடிவாளம் போட்டதாகத் தோன்றும். நிதானமாகப் பாருங்கள். அந்தத் திறனைத் தூண்டுவது எதிராளிகளின் டர்னிலும் நடக்கக்கூடியது என்றால், ஒரு முறை என்பது சுற்றுக்கு நான்கு முறை வரை போகும். உங்கள் லைஃப் ஏறும்போது ஒரு கார்டு எடுக்கலாம், டர்னுக்கு ஒரு முறை என்றிருக்கிறது என்று வையுங்கள். பக்கத்தில் சோல் வார்டன் நிற்கிறது. வேறு எந்தக் கிரீச்சர் யார் பக்கம் வந்தாலும் அது 1 லைஃப் தரும். ஒவ்வொருவரும் தங்கள் டர்னில் ஒரு கிரீச்சர் இறக்கினால், நீங்கள் ஒன்றும் செய்யாமலே சுற்றுக்கு மூன்று கார்டு. அதே வரி, நீங்கள் தாக்கினால் மட்டும் தூண்டப்படும் ஒரு கார்டில் இருந்தால் நிஜமாகவே சுற்றுக்கு ஒன்றுதான். ஆகவே அந்த வரியைத் தனியாகப் படிக்காமல், அதற்கு மேலே உள்ள வரியோடு சேர்த்துப் படியுங்கள்.

நான்காம் படி: பல பேர் ஆட்டத்துக்கென்றே பிறந்த திறன்கள்

சில திறன்கள் நால்வர் மேசைக்கென்றே உருவானவை. புது செட்டுகளிலும் அவ்வப்போது தலைகாட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

மோனார்க், அதாவது அரச பதவி, 2016-ல் கான்ஸ்பிரசி: டேக் தி கிரவுன் செட்டில் வந்தது. பதவி யாரிடம் இருக்கிறதோ அவர் தன் டர்ன் முடிவில் ஒரு கார்டு கூடுதலாக எடுப்பார். அவருக்கு ஒரு கிரீச்சர் காம்பாட் டேமேஜ் கொடுத்தால் பதவி அந்தக் கிரீச்சரைக் கட்டுப்படுத்துபவருக்குப் போய்விடும். இதை மேசையில் வைத்துப் பாருங்கள். 4 மானா கொடுத்து மோனார்க் ஆக்கும் கிரீச்சரை இறக்குகிறீர்கள், டர்ன் முடிவில் ஒரு கார்டு எடுக்கிறீர்கள். இடப்பக்கம் இருப்பவரிடம் ஒரு 1/1 பறக்கும் டோக்கன் இருக்கிறது, உங்களிடம் பறப்பதைத் தடுக்க எதுவும் இல்லை. அவர் அந்த டோக்கனைச் சாய்த்து "அடிக்கிறேன்" என்கிறார். 1 லைஃப் போனது பெரிதில்லை, பதவி போய்விட்டது. அதே டர்ன் முடிவில் கார்டு எடுப்பது அவர். உங்கள் 4 மானாவுக்குக் கிடைத்தது ஒரு கார்டு; அவருக்கு ஒரு டோக்கனைச் சாய்த்ததற்கு, யாராவது பறிக்கும்வரை டர்னுக்கொரு கார்டு. எனவே மோனார்க் கார்டு பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி: அதை இறக்கும் நேரத்தில் என் பக்கம் தடுப்பதற்கு இரண்டு மூன்று கிரீச்சர்கள், பறப்பது ஒன்றாவது, வழக்கமாக நிற்குமா? இல்லையென்றால் அந்தக் கார்டு உங்கள் டெக்குக்கு இல்லை. டோக்கன் டெக் வைத்திருப்பவருக்கு அது தங்கம்.

கோட் என்பது ஒரு கிரீச்சரைச் சீண்டி விடுவது. உங்கள் அடுத்த டர்ன் வரை அது தாக்கியே ஆகவேண்டும், முடிந்தால் உங்களைத் தவிர்த்து வேறொருவரை. மூவர் எதிரே இருக்கும்வரை பிரமாதம். சண்டை அவர்களுக்குள் நடக்கும், நீங்கள் வேடிக்கை பார்க்கலாம். ஆனால் கடைசி இருவராகச் சுருங்கியதும் அந்தக் கிரீச்சருக்கு வேறு ஆள் இல்லை, உங்களிடமே வரும். கோட் நிறைந்த டெக்கில் ஆட்டத்தை முடிக்க வேறு வழி ஒன்று கட்டாயம் வேண்டும்.

மிரியட் 2015 கமாண்டர் டெக்குகளில் வந்தது. ஒருவரைத் தாக்கும்போது மற்ற எதிராளிகள் ஒவ்வொருவரையும் தாக்கியபடியே ஒரு பிரதி டோக்கன் முளைக்கும், காம்பாட் முடிந்ததும் மறையும். டேமேஜைவிட, களத்துக்கு வரும்போது பலன் தரும் கிரீச்சரில் மிரியட் இருக்கிறதா என்று பாருங்கள். ருசி அங்கேதான்.

டெம்ப்டிங் ஆஃபர் கார்டுகள் ஆசை காட்டுபவை. டெம்ப்ட் வித் டிஸ்கவரி போட்டால் நீங்கள் ஒரு லேண்டைத் தேடிக் களத்தில் வைக்கலாம். எதிராளிகளும் விரும்பினால் ஆளுக்கொரு லேண்ட் தேடலாம், ஆனால் அப்படித் தேடும் ஒவ்வொருவருக்காகவும் நீங்கள் இன்னொன்று தேடுவீர்கள். மூவரும் சரி என்றால் அவர்களுக்கு ஆளுக்கு 1, உங்களுக்கு 4. அனுபவம் உள்ள மேசையில் மூவரும் தலையசைத்து மறுத்துவிடுவார்கள். ஆக, யாருமே ஏற்காவிட்டாலும் கொடுத்த மானாவுக்கு இது தகுமா என்று பார்த்துத்தான் இந்த வகைக் கார்டை எடுக்க வேண்டும். வாக்கெடுப்பு கார்டுகளுக்கும் இதே அளவுகோல்: உங்களுக்குப் பிடிக்காத முடிவு வந்தாலும் பரவாயில்லை என்றால் மட்டும்.

ஐந்தாம் படி: ஒரு முழுச் சுற்று தாங்குமா?

இருவர் ஆட்டத்தில் உங்கள் கார்டு பிழைத்திருக்க வேண்டியது ஒருவருடைய ஒரு டர்ன். இங்கே மூன்று டர்ன், மூன்று கை நிறைய பதில்கள். 6 மானா கொடுத்து இறக்கி, அடுத்த டர்னில் தாக்கினால்தான் பலன் என்ற கிரீச்சரைப் பார்த்தால் அந்த மூன்று டர்னையும் மனதுக்குள் ஓட்டிப்பாருங்கள். முதல் ஆள் அதை ஒழிக்காவிட்டால் இரண்டாமவர் ஒழிப்பார், இல்லையென்றால் மூன்றாமவர் எல்லாக் கிரீச்சர்களையும் துடைத்தெடுக்கும் ஸ்பெல்லைப் போடுவார். எனக்குப் பிடித்தவை, இறங்கிய நிமிடமே ஏதாவது தந்துவிடும் கார்டுகள்: ஒரு கார்டு எடுப்பது, ஒரு டோக்கன் தருவது, எதையாவது ஒழிப்பது. செத்தாலும் கூலி கிடைத்துவிட்டது. எதிராளி குறிவைத்தால் கூடுதல் விலை கேட்கும் வார்டு என்ற திறன் இருந்தால் கொஞ்சம் கூடுதல் மதிப்பு கொடுக்கலாம்.

இன்னொன்று, கார்டு எவ்வளவு சத்தம் போடுகிறது. "எதிராளிகள் யாரும் தங்கள் டர்னில் ஒன்றுக்கு மேல் ஸ்பெல் போடக்கூடாது" மாதிரியான வரிகள் மூவரையும் ஒரே நேரத்தில் உங்கள்மேல் திருப்பிவிடும். கிரீச்சர் ஒன்றுக்கு 2 மானா கட்டினால்தான் உங்களைத் தாக்கலாம் என்னும் ப்ராபகாண்டா வேறு ரகம். அது யாரையும் தடுப்பதில்லை. பக்கத்து ஆளை இலவசமாகத் தாக்கலாமே என்று நினைக்க வைக்கிறது, அவ்வளவுதான். 1997-ல் வந்த அந்தக் கார்டு இன்றும் மேசைகளில் இருப்பதற்குக் காரணம் இந்தச் சத்தமில்லாத வேலை.

ஆறாம் படி: எதை வெளியே எடுப்பது?

டெக்கில் 100 கார்டு நிரம்பியிருக்கிறது. புதிது உள்ளே வர வேண்டுமென்றால் ஒன்று வெளியே போக வேண்டும். அதே வேலையைச் செய்யும் கார்டைத்தான் வெளியே எடுக்க வேண்டும் என்பதில் நான் கறாராக இருப்பேன். பலரும் பின்பற்றும் ஒரு தோராயமான அமைப்பு: லேண்ட் 36 முதல் 38 வரை, மானா பெருக்கும் கார்டு 10, கார்டு எடுக்க வைப்பவை 10, ஒழிக்கும் கார்டுகள் 8 முதல் 10, களத்தைத் துடைப்பவை 3 அல்லது 4, மீதி உங்கள் டெக்கின் சொந்த வேலைக்கு. பளபளப்பான புது டிராகனுக்காக ஒரு லேண்டை எடுப்பது புதியவர்கள் எல்லோருக்கும் வரும் ஆசை. இரண்டு லேண்டோடு நாலாவது டர்னில் கைகட்டி உட்காரும்போது அந்த டிராகன் கையிலேயேதான் இருக்கும்.

இங்கே ஒரு கணக்கு உதவும். தொடக்கக் கையில் 7, பத்து டர்னில் 10, ஆக 17 கார்டு பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். கமாண்டர் நீங்கலாக 99 கார்டு உள்ள குவியலில் குறிப்பிட்ட ஒரு கார்டு அந்த 17-ல் இருக்க வாய்ப்பு சுமார் 17 சதவீதம், ஆறு ஆட்டத்துக்கு ஒரு முறை. குறிப்பிட்ட இரண்டு கார்டுகள் சேர்ந்து வர வாய்ப்பு 3 சதவீதத்துக்கும் கீழ். அதனால், புது கார்டு டெக்கில் உள்ள வேறொரு ஒற்றைக் கார்டோடு சேர்ந்தால் அற்புதம் என்பது காரணமே ஆகாது. கமாண்டர் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருப்பவர். அவரோடு சேர்ந்து வேலை செய்கிறதா, அல்லது டெக்கில் இருபது கார்டுகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

எத்தனை டெக்குகளில் ஒரு கார்டு இருக்கிறது என்று காட்டும் ஈடிஎச்ரெக் தளம் நல்ல துணை. ஆனால் செட் வந்த முதல் சில வாரங்களின் எண்களை நம்ப வேண்டாம். அப்போது பட்டியலில் ஏற்றியவர்களில் பலர் அந்தக் கார்டை ஒரு முறைகூட ஆடியிருக்க மாட்டார்கள்.

ஏழாம் படி: மேசை ஒத்துக்கொள்ளுமா?

கமாண்டருக்கென்றே வடிவமைத்த கார்டு என்றால் கமாண்டருக்கு நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். 2020 கமாண்டர் லெஜண்ட்ஸில் வந்த ஹல்பிரீச்சர் 2021-ல் தடையானது. அதே செட்டின் ஜுவல்ட் லோட்டஸும் 2019 கமாண்டர் டெக்கில் வந்த டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்டும் 2024 செப்டம்பரில் தடையாயின. மூன்றுமே இந்த ஆட்ட முறையை மனதில் வைத்து அச்சடித்தவை.

அதற்குப் பிறகு ஆட்ட முறையின் பொறுப்பு, மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்திடம் போனது. 2025 பிப்ரவரியில் டெக்குகளைப் பலத்தைப் பொறுத்து 1 முதல் 5 வரை பிரிக்கும் பிராக்கெட் முறையை அது சோதனையாக அறிமுகப்படுத்தியது. கூடவே, ஆட்டத்தின் போக்கையே மாற்றும் கார்டுகளுக்குக் கேம் சேஞ்சர் என்று ஒரு பட்டியல். ரிஸ்டிக் ஸ்டடி, ஸ்மாதரிங் டைத், சைக்ளானிக் ரிஃப்ட் எல்லாம் முதல் பட்டியலிலேயே உண்டு. 1, 2 பிராக்கெட்டுகளில் இவை ஒன்றுகூடக் கிடையாது. 3-ல் மூன்று வரை. 4, 5-ல் வரம்பில்லை. பட்டியல் அவ்வப்போது மாறும், ஆகவே புது கார்டைச் சேர்க்குமுன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு கார்டால் உங்கள் டெக் அடுத்த பிராக்கெட்டுக்குத் தாவிவிடலாம். ஆட்டம் தொடங்குமுன் "என் டெக் இரண்டு, கேம் சேஞ்சர் எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டால் பாதி மனக்கசப்பு அங்கேயே தீரும்.

இருவர் இருவராக அணி சேர்ந்து ஆடும் டூ-ஹெடட் ஜயன்ட் முறையில் உங்கள் கூட்டம் ஆடினால், ஒரே ஒரு விஷயம். அணிக்கு லைஃப் கணக்கு ஒன்றுதான், பொதுவில். "ஈச் ஆப்பனன்ட்" கார்டு அங்கே இருவரையும் தனித்தனியாக எண்ணும், போவதோ ஒரே கணக்கிலிருந்து. கிரே மெர்ச்சன்ட் தனியாக வந்தாலே எதிரணிக்கு 4 போய்விடும்.

எட்டாம் படி: காகிதத்தில் எழுதிச் சோதியுங்கள்

வாங்குவதற்கு முன், மேசையில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒரு சாதாரண லேண்டின் மேல் கார்டின் பெயரையும் வாசகத்தையும் எழுதிய சீட்டை வைத்து உறைக்குள் போட்டு ஆடிப்பாருங்கள். வீட்டில் தனியாக டெக்கை ஓட்டிப் பார்ப்பது மானா சரியாக வருகிறதா என்று காட்டும். மற்ற மூவர் என்ன செய்வார்கள் என்று காட்டாது.

சோதிக்கும்போது, அந்தக் கார்டு வந்து ஜெயித்த ஆட்டத்தைவிட அது கையில் வந்த கணங்களைக் கவனியுங்கள். எடுத்ததும் "அப்பாடா" என்று இருந்ததா, "இப்போதா வர வேண்டும்" என்று இருந்ததா? பின்தங்கி நின்றபோது உதவியதா, முன்னால் இருந்தபோது மட்டும் அழகாக இருந்ததா? ஆறு ஆட்டத்துக்கு ஒரு முறைதான் அது கண்ணில் படும் என்பதால், முதல் சில ஆட்டங்களில் அதைத் தொடக்கக் கையில் வைத்தே தொடங்கலாமா என்று நண்பர்களிடம் கேளுங்கள். சோதனைக்கென்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வெளியே எடுத்த கார்டை டெக் பெட்டியிலேயே பின்பக்கம் செருகி வையுங்கள். புதியது சரிவரவில்லை என்றால் அடுத்த ஆட்டத்துக்குக் கலைக்குமுன் மாற்றிவிடலாம்.